கோச் மேல் கோபம், வரி மேல் கோபம்

கேள்வி

"அண்ணே, கால்பந்து கோச் அன்செலோட்டிக்கு மாட்ரிட் கோர்ட் ஒரு வருஷம் தண்டனை கொடுத்திருக்கு, ஆனா ஜெயிலுக்குப் போக மாட்டாராம். நம்ம சம்பளத்துல கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிடிஎஸ் வெட்டிடுறாங்க. இந்த கோச்சுங்களுக்கு ஜெயிச்சாலும் பணம், தோத்துத் துரத்தினாலும் பணம், வரியை மறைச்சாலும் வெளியில சுத்தலாம். இதுல நியாயம் எங்க இருக்கு?" விவேக் நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டது.

10 ஜூலை 2025, இரவு

தம்பி, முதலில் விஷயத்தைச் சரியாகப் பார்ப்போம். 2014இல் ரியல் மாட்ரிடில் இருந்தபோது வந்த வருமானத்தில் பிம்ப உரிமைப் பணத்துக்கு வரி கட்டவில்லை என்பதுதான் அன்செலோட்டி மீதான குற்றம். ஒரு வருடத் தண்டனையோடு சுமார் 3,86,000 யூரோ அபராதம். 2015ஆம் ஆண்டுக்கான குற்றச்சாட்டில் விடுவித்துவிட்டார்கள். ஸ்பெயினில் இரண்டு வருடத்துக்கு உட்பட்ட முதல் தண்டனை என்றால் பொதுவாக யாரையும் உள்ளே வைப்பதில்லை. நட்சத்திரங்களுக்கு மட்டும் உள்ள சலுகை இல்லை அது.

பிம்ப உரிமை என்றால் ஆளின் முகத்தை விளம்பரத்தில் போட, பெயரைச் சட்டையில் அச்சடிக்கக் கொடுக்கும் பணம். சம்பளம் கிளப்பிலிருந்து நேராக வருவதால் அதில் ஒளிக்க இடமில்லை. இந்தப் பணத்தை மட்டும் வேறு நாட்டில் ஒரு கம்பெனி திறந்து அங்கே திருப்பிவிடலாம். மெஸ்ஸிக்கு 2016இல் 21 மாதம், ரொனால்டோவுக்கு 2019இல் 18.8 மில்லியன் யூரோ, அதே வருடம் கோச் மொரின்யோவுக்கு ஒரு வருடம் எல்லாமே இந்த வழியில் வந்தவைதான். நாய் பேரில் மொனாக்கோவில் கணக்கு வைத்த ஆங்கிலேய கோச் ஹாரி ரெட்நாப்பும் இந்த வரிசையில் சேர்த்தி.

நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் 140 பேருக்கு டிடிஎஸ் வெட்டுவது என் கை. அதனால் உன் கோபம் எனக்கு நன்றாகவே புரியும். வரி எவ்வளவு என்பதைவிட, யாருக்கு ஒளிக்க இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில்தான் எனக்கும் வயிறு எரிகிறது.

11 ஜூலை, காலை

மேலே எழுதியதில் ஒரு தவறு. ரெட்நாப்பை அந்த வரிசையில் சேர்த்திருக்கக் கூடாது. 2012 பிப்ரவரி 8ஆம் தேதி லண்டன் சதர்க் கோர்ட்டில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதே நாளில்தான் கபெல்லோ இங்கிலாந்து கோச் பதவியை விட்டார், அதனால்தான் எனக்கு அந்தத் தேதி நினைவிருக்கிறது. கணக்கு நாயின் பேரில் இருந்தது உண்மை. ஆனால் கோர்ட் விடுவித்த பிறகும் ஒரு மனிதரை அந்த நாய்க் கதையோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். மன்னிக்கவும்.

13 ஜூலை

"துரத்தினாலும் பணம்" என்று கேட்டாய் இல்லையா, அதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் கால்பந்து இறுதிப் போட்டி. லீக் கட்டத்தில் நாம்தான் முதலிடம். எதிரில் சென்னையின் எஃப்சி அணி. சென்னையிலிருந்து எங்கள் தாய்மாமா நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திறங்கினார். நானும் நீலம்தான், ஆனால் பெங்களூரு நீலம். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே பையில் புளிசாதம் கட்டிக்கொடுத்தாள். சேத்ரி முதல் கோல் போட்டதும் மாமாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். பிறகு சென்னை பக்கம் மெய்ல்சன் இரண்டு தலை கோல், அகஸ்டோ ஒன்று. கடைசியில் எங்கள் மிக்கு ஒன்று போட்டும் 3-2 என்று தோற்றோம். வெளியே வரும்போது மாமா என் தோளில் கை போட்டு, "உங்க கோச் நல்ல ஆளுடா, கார்னர்ல யாரைப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிக் கொடுக்கல" என்றார். நான் அன்றிரவே ரோகாவை மனசுக்குள் துரத்திவிட்டேன். ரோகா யார்? 2016இல் ஒரு இந்திய கிளப்பை முதல்முறையாக ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர்.

அடுத்து வந்தவர் அவருக்கு உதவியாளராக இருந்த கார்லஸ் குவாட்ராட். முதல் சீசனிலேயே கோப்பை. மும்பையில் கோவாவுக்கு எதிராக 117ஆவது நிமிடம் ராகுல் பேக்கேயின் தலை கோல். இரண்டு வருடம் கழித்து, கொரோனா காலத்தில், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் தொடர்ந்து மூன்று தோல்வி. 2021 ஜனவரியில் அவரை அனுப்பிவிட்டார்கள். நானும் டிவி முன்னால் உட்கார்ந்து "சரியான முடிவு" என்று கத்தியவன்தான். அந்த சீசன் ஏழாவது இடத்தில் முடிந்தது. அவரை அனுப்பியதால் என்ன மாறியது? அவரிடம் எந்த வீரர்களைக் கொடுத்தார்கள், ஹோட்டலுக்குள் அடைத்துவைத்து எத்தனை வாரம் ஆடச் சொன்னார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

கிளப் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தை கிளப்பே பாதியில் முறித்தால், மிச்சப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதுதான் முறை. அந்தப் பணத்தைப் பார்த்து எனக்கு இப்போது பொறாமை இல்லை. அதற்கும் வரி உண்டு.

19 ஜூலை

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: வெளிநாட்டு வீரர்களுக்கு இந்தியாவில் வரி குறைவாமே?

ஆமாம். வருமான வரிச் சட்டத்தில் 115பிபிஏ என்று ஒரு பிரிவு உண்டு. இந்தியக் குடிமகனாக இல்லாத, இங்கே குடியிருப்பவராகவும் கணக்கில் வராத விளையாட்டு வீரர் இங்கே ஆடிச் சம்பாதித்தால் நேராக 20 சதவீதம். செலவு எதையும் கழிக்க முடியாது. வரியைப் பிடித்துவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் வேண்டாம். பக்கத்தில் நின்று ஆடும் நம் பையனுக்கு 30 சதவீதம் வரை போகிறது. ஒரே மைதானம், ஒரே பந்து. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். இன்று கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.

இந்த வருடப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். 24 லட்சம் வரைக்கும் மொத்த வரி 3 லட்சம். நிலையான கழிவு, வரி மேல் வரியாக வரும் செஸ், சர்சார்ஜ் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 42 லட்சம் வாங்கும் இந்திய வீரருக்கு 3 லட்சமும் மீதி 18 லட்சத்துக்கு 5.4 லட்சமும் சேர்த்து 8.4 லட்சம். வெளிநாட்டு வீரருக்கு 42 லட்சத்தில் 20 சதவீதம், அதுவும் 8.4 லட்சம். அச்சு அசலாக ஒன்று!

42 லட்சத்துக்குக் கீழே நம் பையன் குறைவாகக் கட்டுகிறான், வெளியிலிருந்து வந்தவன் அதிகம் கட்டுகிறான். மேலே போனால்தான் தலைகீழ். 2 கோடி என்றால் நம்மவருக்கு 55.8 லட்சம், அவருக்கு 40 லட்சம். ஆக இந்தப் பிரிவு பெரிய சம்பளக்காரருக்கு மட்டும் லாபம். சின்ன ஒப்பந்தத்தில் வந்து ஆடும் ஆப்பிரிக்கப் பையனுக்கு நஷ்டம். நம் ஊர் டிவிஷன்களில் ஆடிய நைஜீரியப் பையன்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், அவர்களுக்குப் போய்ச் சலுகை என்று எழுதிவிட்டேனே!

20 ஜூலை, அப்புறம்

இன்னும் ஒன்று விட்டுப்போச்சு. ஒரு நிதியாண்டில் இங்கே 182 நாள் தங்கிவிட்டால் அவர் குடியிருப்பவர். ஜூலையில் பயிற்சிக்கு வந்து மார்ச் வரை இருக்கிற ஆள் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். அப்புறம் 20 சதவீதம் கிடையாது, நம்முடைய அதே படிக்கட்டுதான். கோச்சுகளுக்கு அந்தப் பிரிவு எந்த வகையிலும் கிடையாது, அதன் வாசகத்தில் பயிற்சியாளர் என்ற சொல்லே இல்லை. கிரிக்கெட் நடுவர்களுக்கும் பொருந்தாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது.

3 ஆகஸ்ட்

காலித் ஜமீல் இந்தியக் கால்பந்து அணிக்கு கோச். 13 வருடத்துக்குப் பிறகு முழுப் பொறுப்பில் ஒரு இந்தியர். காலையில் டீக்கடையில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அவரை நான் மதிப்பது மிசோரத்தின் ஐசால் அணியின் கதைக்காக. அதற்கு முந்தைய சீசனில் கீழே இறங்க வேண்டிய அணி அது, கோவா அணிகள் விலகியதால் தப்பித்து உள்ளே வந்தது. அந்த அணியை வைத்துக்கொண்டு 2016-17 ஐ-லீகை வென்றார். மோகன் பகானும் பெங்களூருவும் செலவழித்ததில் ஒரு துளிதான் அவர் கையில் இருந்தது. கோச்சை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: கையில் என்ன கொடுத்தார்கள், அதை வைத்து என்ன செய்தார்.

இதற்கு முன் இந்திய கோச்சாக இருந்த ஸ்டிமாச்சை 2024 ஜூனில் நீக்கிவிட்டு, கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு விளையாட்டு அமைச்சகத்தின் நிதியும் வருகிறது, அதாவது நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. இங்கே எனக்கு கோபம் ஸ்டிமாச் மேல் இல்லை. தோல்விக்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஒப்பந்தம் எழுதியவர்கள் மேல்தான்.

ஐசால் என்றதும் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மிசோரம் ஆட்களுக்கு வருமான வரியே கிடையாது, அது மட்டும் நியாயமா?" பிரிவு 10(26) அது. மிசோரத்தில் வாழும் பழங்குடியினர் அந்த மாநிலத்தில் சம்பாதிப்பதற்கு வரி இல்லை. அதே பையன் பெங்களூரு வந்து இங்கே சம்பளம் வாங்கினால் நம்மைப் போலவே கட்டத்தான் வேண்டும். அங்கே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அணி போய்வர எத்தனை மணி நேரம் ஆகிறது, ஊரில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பாருங்கள். எல்லாரிடமும் ஒரே அளவு பிடுங்குவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

6 ஆகஸ்ட்

இரண்டு நாளாக மனசே சரியில்லை. முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக நம் பெங்களூரு கிளப் அறிவித்துவிட்டது. ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதா என்றே தெரியாத நிலையில் இருக்கிறோம். சேத்ரியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சட்டை துவைக்கிறவர், கால் நீவிவிடுகிறவர், பந்து பொறுக்கிப் போடும் ஆள் இவர்களை யாருக்குத் தெரியும்?

ஒரு கணக்கு விஷயம் சொல்கிறேன். சட்டப்படி சம்பளம் என்பது சேர வேண்டிய நாளிலேயே வருமானம். கைக்கு வராவிட்டாலும் அந்த வருடக் கணக்கில் அது வந்துவிடும். டிடிஎஸ் மட்டும் பணம் கொடுக்கும்போதுதான் பிடிப்பார்கள். பல வருடம் இந்த வேலை பார்த்தும் சட்டத்தில் அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

17 ஆகஸ்ட்

இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். உலகத்தில் இருக்கிற கோச்சுகளையெல்லாம் பேசிவிட்டேன், எங்கள் தெரு கோச்சைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஆஸ்டின் டவுன் என்றால் பந்து. ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் மர்ஃபி டவுன், அல்சூர் கௌதமபுரம். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். 1962 ஆசியத் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம் இந்த ஊர். இந்தப் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கோச். நாங்கள் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவோம், இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஏ டிவிஷன் ஆடியவர். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். காலணி இல்லாமல் வருகிற பையனைத் திருப்பி அனுப்பியதே இல்லை.

2023 மார்ச் 3ஆம் தேதி இரவு கண்டீரவாவில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கை ஒப்புக்கொள்ளாமல் கேரளா அணியை அவர்களின் கோச் வெளியே கூட்டிக்கொண்டு போனாரே, ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. மறுநாள் ரியாத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. 54 வருடத்துக்குப் பிறகு! அண்ணா அன்று மைதானத்துக்கு ஒரு டப்பா மைசூர்பாக் கொண்டுவந்து பையன்களுக்குக் கொடுத்தார். "நேத்து நடந்ததை விடுங்கடா, இதை நினைவு வச்சுக்கோங்க" என்றார்.

போன வாரம் அவரை அகரம் பக்கம் பார்த்தேன். மாலை நேரத்தில் ஒரு தனியார் அகாடமியில் சொல்லிக்கொடுக்கிறார், பெயர் வேண்டாம். மாதம் 18,000. கையில் வருவது 16,200. "மீதி டாக்ஸ்டா, கவர்ன்மென்டுக்குப் போகுது" என்றார். கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. வருடம் 2,16,000 வருமானம் உள்ளவருக்கு எந்த முறையிலும் வரி கிடையாது. அவரை ஊழியராக வைக்காமல், தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி 194ஜே பிரிவில் 10 சதவீதம் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது சட்டப்படி சரிதான். ரிட்டர்ன் போட்டால் முழுப் பணமும் திரும்பி வரும் என்று மூன்று வருடமாக அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

தம்பி, நீ கேட்ட நியாயம் இதில் இருக்கிறது. தள்ளுபடி சேர்த்து 12 லட்சம் வரை வரியில்லை என்று பட்ஜெட்டில் கைதட்டினோம். 2 லட்சம் வாங்குகிற மனிதர் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், தன் கடமை என்று நம்பி. அன்செலோட்டிக்கு ஆலோசகர்கள் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாவுக்கு நான் இருந்தேன், முப்பது வருடப் பழக்கம், அவர் பான் அட்டையை ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ரிட்டர்ன் போடும் கடைசித் தேதியை செப்டம்பர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள். போன நிதியாண்டுக்கு 21,600 ரூபாய் வாங்கிவிடலாம். அதற்கு முந்தைய இரண்டு வருடப் பணம் போனது போனதுதான்.

4 செப்டம்பர்

ஜிஎஸ்டி மாற்றம் வந்துவிட்டது, 22ஆம் தேதி முதல். பந்து, வலை மாதிரி விளையாட்டுச் சாமான் 12இலிருந்து 5. ஜோடி 2,500 ரூபாய் வரை காலணிக்கு 5, இதுவரை ஆயிரத்தைத் தாண்டினாலே 18. 1,800 ரூபாய் பூட்டுக்கு 324 ரூபாய் வரி கட்டிய ஆட்டோக்கார அப்பா இனி 90 ரூபாய் கட்டுவார். ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28இலிருந்து 40 ஆக ஏற்றியிருக்கிறார்கள்.

பூட் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மறைமுக வரியில் ஏழை பணக்காரன் பார்க்க முடியாது, அவனும் 324, இவனும் 324. குறைத்தால் மட்டும்தான் இவனுக்கு மூச்சு விட முடியும். கடைக்காரர் விலையைக் குறைக்கிறாரா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

9 செப்டம்பர்

ஓமானை பெனால்டியில் ஜெயித்தோம்! ஜமீல் வந்து ஒரு மாதம்தான். ஈரானிடம் 3-0 தோற்றபோது "இவரும் அவ்வளவுதான்" என்று எழுதியவர்கள் இன்று மேலே போய் வாசியுங்கள். பாதி கிளப்புகளில் பயிற்சியே நடக்காத நேரத்தில் அணியைத் திரட்டிக்கொண்டு போனவர் அவர்.

16 செப்டம்பர், நள்ளிரவு தாண்டி

வெப்சைட் இரண்டு நாளாகத் திணறியது, ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அண்ணாவுடைய ரிட்டர்னைப் போட்டுவிட்டேன். ஆதார் ஓடிபி வர இருபது நிமிடம். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்டிய வரி பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் முதல் மூன்று காலாண்டுக்கு 16,200 இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டிய 5,400 இல்லை. அகாடமி அந்தக் காலாண்டு அறிக்கையைத் தாக்கலே செய்யவில்லை, மே 31க்குள் செய்திருக்க வேண்டும். அவர் சம்பளத்திலிருந்து எடுத்த பணம் யாரிடம் இருக்கிறது?

18 செப்டம்பர்

ஒரு வாசகர், ஆடிட்டராம், என்னைத் திருத்தியிருக்கிறார். நன்றி ஐயா. பழைய இரண்டு வருடப் பணம் போனதுதான் என்று ஆகஸ்ட் 17இல் எழுதினேன். புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது என்பது மட்டும்தான் என் நினைவில் இருந்தது. 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் போட வேண்டும். அப்போது சம்பளம் 15,000, மாதம் 1,500 வெட்டு, இரண்டு வருடத்துக்கு 36,000 ரூபாய். ஏன் தாமதம் என்று காரணம் எழுத வேண்டும். உண்மையைத்தான் எழுதப் போகிறோம், தெரியாது என்று.

27 செப்டம்பர்

16,200 வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு மைதானத்திலிருந்து அண்ணா போன் செய்தார், பின்னால் பையன்கள் கத்துவது கேட்டது. "வந்திருச்சுடா" என்றார், அவ்வளவுதான். குரல் கொஞ்சம் நின்றது.

அகாடமிக்காரர் நாலாவது காலாண்டு அறிக்கையை "அடுத்த வாரம்" போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை அதே பதில். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன், நான் கூடப் போகிறேன். அங்கே இதே மாதிரி இன்னும் நாலு கோச்சுகள் இருக்கிறார்கள், அவர்களுடைய பான் நம்பரையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். விவேக் நகர் தம்பி, உனக்கும் நேரம் இருந்தால் வா. பத்து மணிக்கு மைதானத்து கேட் பக்கம் நிற்போம்.